ஊரையே பத்து எண் போட வைத்தவள்

பாப்ளர் ஃபோர்க் பள்ளத்தாக்கில் தொலைபேசிக் கம்பத்தில் ஏறிய முதல் பெண் ஓலீட்டா கோகர். அவள் ஏறிய முதல் நாள், கீழே பத்துப் பன்னிரண்டு ஆண்கள் கூடி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பாதிப்பேர் யோசனை சொன்னார்கள், மீதிப்பேர் பயம் காட்டினார்கள். அவள் வேலையை முடித்துவிட்டு நிதானமாக இறங்கினாள். இடுப்புப் பட்டையைக் கழற்றி, அதிகமாக வாயடித்த ஆளின் கையில் கொடுத்து, அடுத்த கம்பம் உங்களுடையது என்றாள். அதற்குப் பிறகு முப்பத்து மூன்று வருஷம் அவளுக்கு யாரும் யோசனை சொன்னதாகத் தகவல் இல்லை.

அவள் சொன்னால் சொன்னதுதான். அது அவளுடைய பலம், அதுவே அவளுடைய வினையும். பனி முழங்கால் உயரம் கிடந்தாலும், லைன் செத்துப்போச்சு என்று ஒரு கிழவர் சொல்லி அனுப்பினால் போதும், சங்கிலி சுற்றிய டயரோடு அவள் வண்டி மலை ஏறிவிடும். முழங்கால் தேய்ந்து, கம்பெனி அவளை ஒரு கேக் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அது நிற்கவில்லை. சம்பளம் நின்றது, வேலை நிற்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் யாரும் முழு எண்ணைச் சொல்வது வழக்கமில்லை. பள்ளத்தாக்கு முழுவதற்கும் முதல் மூன்று எண்கள் ஒன்றுதான், அதைச் சொல்வது நேரக்கேடு. கடைசி நாலைச் சொன்னால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். தேவாலயத்தில் பாதிரியார்கூட, நோயாளிகளுக்கு ஜெபிக்கும்போது, நாற்பத்துநாலு பதினேழு வீட்டு அம்மாவுக்காக என்று சொல்லிவிட்டுத்தான் பெயரை யோசிப்பார். மூன்றும் நாலுமாகச் சேர்ந்த அந்த ஏழு எண்ணுக்கும் முன்னால் நிற்பது மூணு சைபர் நாலு. மேற்கு வர்ஜீனியா மாநிலம் முழுவதற்கும் அது ஒன்றே ஏரியா கோடு. தொப்பியில் அது இருக்கும், வண்டியின் பின் கண்ணாடியில் இருக்கும், எங்கள் பையன்கள் தோளில் பச்சை குத்திக்கொண்டிருப்பார்கள். ஒஹையோவுக்குப் பிழைக்கப் போனவன் பெண்டாட்டியை மாற்றினாலும் மாற்றுவான், அந்த மூன்று எண்ணை மாற்றமாட்டான்.

இனி பெட்டிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேலையை விட்ட மறு வருஷம் ஓலீட்டா, எங்கோ ஒரு முதியோர் இல்லம் வேண்டாமென்று ஒதுக்கிய அறுபத்தொரு உதவிப் பெட்டிகளைத் தீயணைப்பு நிலையத்துக்காக வாங்கி வந்தாள். தனியாக இருப்பவர்கள் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டிக்கொள்வார்கள். விழுந்தாலோ மூச்சு முட்டினாலோ அதை அமுக்கினால் போதும். பெட்டி தானாகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு, முன்பே பதிந்துவைத்த குரலில் இன்னார் வீடு, வாருங்கள் என்று சொல்லும். மாவட்ட அவசர எண்ணுக்கு இந்த மாதிரி யந்திரம் பேசக்கூடாது என்பது விதி. அதோடு அந்த ஆம்புலன்ஸ் மலை ஏறி வர முக்கால் மணி ஆகும், எங்கள் நிலையத்து வண்டிக்குப் பத்து நிமிஷம். நிலையத் தலைவன் டென்வர் ஸ்கிட்மோர் அவளுடைய தங்கை மகன். ஊரில் எல்லோருக்கும் அவன் கேப்டன், அவளுக்கு மட்டும் இன்னும் மூக்கொழுகும் டென்வர்.

அறுபத்தொரு பெட்டிக்கும் அவளே எண் போட்டாள். விளக்கப் புத்தகம் தொலைந்துவிட்டது, எந்தப் பொத்தானை எத்தனை விநாடி பிடிக்க வேண்டும் என்பது அவள் தலையில் மட்டும் இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் நிலையத்தின் எண்ணை, எங்கள் வழக்கப்படி, ஏழு எண்ணாக ஏற்றினாள். பக்கத்தில் இருக்கும் நிலையத்துக்குப் போன் போட ஏரியா கோடு எதற்கு? மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் எல்லோரும் பொத்தானை அமுக்கிப் பார்ப்பார்கள், நிலையத்துப் பெண்கள் பட்டியலில் டிக் அடிப்பார்கள். நாலு வருஷத்தில் அந்தப் பெட்டிகள் ஏழு உயிரைக் காப்பாற்றின.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், மூணு சைபர் நாலில் எண்கள் தீர்ந்துவிட்டன என்று மாநில ஆணையம் அறிவித்தது. கைபேசி வந்ததும் வந்தது, ஒரே வீட்டில் ஐந்து எண். பஞ்சம் வராமல் என்ன செய்யும்? ஆணையம் இரண்டு வழி வைத்தது. ஒன்று, மாநிலத்தைக் குறுக்கே கோடு கிழித்து, ஒரு பாதிக்கு ஆறு எட்டு ஒன்று என்று புது ஏரியா கோடு கொடுப்பது. கோடு எங்கே விழுந்தாலும் எங்கள் மாவட்டம் பழைய எண்ணை இழக்கும் பாதியில்தான் விழும். இரண்டாவது வழி, இருக்கிற எண் யாருக்கும் மாறாது, இனி வாங்கப்போகிற இணைப்புகளுக்கு மட்டும் புது எண். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அப்போது ஒரே தெருவில் இரண்டு ஏரியா கோடு இருக்கும், அதனால் பக்கத்து வீட்டுக்கும் பத்து எண் போட வேண்டும். இதை ஆணையத்து ஆள் கோர்ட்டு மாடியில் நடந்த கூட்டத்தில் தெளிவாகவே படித்தார். அவர் படிக்கும்போது நாங்கள் கோபப்படுவதில் மும்முரமாக இருந்தோம்.

ஓலீட்டா எழுந்தாள். நல்ல சட்டை போட்டிருந்தாள், அதிலேயே தெரிந்தது அவள் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று.

"எங்கப்பா சுரங்கத்துக்குள்ள இறங்கறப்ப சட்டைப் பையில வீட்டு நம்பர எழுதி வச்சிட்டுத்தான் போவாரு, ஏதாவது ஆயிட்டா சொல்லி அனுப்பணும்னு. அந்த நம்பர்லதான் இன்னிக்கும் எங்க வீட்டுல மணி அடிக்குது. அத வெட்டி எடுக்க உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

கூட்டம் மேஜையைத் தட்டியது. ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பின் பெஞ்சிலிருந்து ஹார்லஸ் டாட்ரில் எழுந்து நின்றார்.

ஹார்லஸ் பள்ளத்தாக்கின் கடைசி வீட்டுக்காரர், ஓலீட்டாவின் அப்பாவோடு ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எழுபத்தொரு வயது, பெண்டாட்டி போய்ப் பல வருஷம் ஆகிறது. நிலக்கரித் தூசு நுரையீரலைத் தின்றுவிட்டது, மூக்கில் எப்போதும் ஆக்ஸிஜன் குழாய். சுரங்கத்தின் கூரை சரிந்தபோது வலது கையில் இரண்டு விரல் போனது. அவர் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். பழைய ஏரியா கோட்டின் மேல் தனக்கும் பாசம்தான், ஆனால் அது மாறினால் ஒரு தரம் அழுதுவிட்டு விட்டுவிடலாம், பத்து எண் என்றால் சாகும் வரைக்கும் பத்து எண் என்றார். பிறகு அந்த மூன்று விரல் கையைத் தூக்கிக் காட்டி, எனக்கு ஏழு போடுவதே பாடு என்றார்.

அப்போது ஓலீட்டா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கூட்டம் ஏற்கெனவே அவள் பக்கம். ஆனால் கைதட்டல் என்பது கள் மாதிரி, ஒரு வாய் உள்ளே போனால் இன்னொரு வாய் கேட்கும்.

"விரல் பத்தலைன்னா கால் விரலையும் சேத்துக்குங்க, ஹார்லஸ்."

கோர்ட்டு மாடியே சிரித்தது. டென்வர் சிரித்தான். உண்மையைச் சொல்வதென்றால், இந்தக் கதையைச் சொல்கிற ஆளும் சிரித்ததுண்டு. ஹார்லஸ் கையை இறக்கி மேல்கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆக்ஸிஜன் உருளையை இழுத்துக்கொண்டு படியிறங்கினார். இறங்க வெகுநேரம் ஆயிற்று. ஒவ்வொரு படியிலும் உருளையின் சக்கரம் இடிக்கிற சத்தம் மேலே கேட்டது. அதைக் கேட்டு ஓலீட்டாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. ஆனால் போய்க் கையைப் பிடித்து இறக்கிவிட அவளுடைய வீம்பு விடவில்லை.

எல்லா மாவட்டமும் எங்களைப் போலவே கத்தியிருக்க வேண்டும். ஆணையம் இரண்டாவது வழியையே எடுத்தது. எங்கள் எண் எங்களுக்கே தங்கியது. பெட்ரோல் பங்கில் ஓலீட்டாவுக்குக் காப்பி கொடுத்தார்கள், நாலாம் ஜூலை ஊர்வலத்தில் தீயணைப்பு வண்டியின் மேல் அவளை உட்கார வைத்தார்கள். ஆறு மாதம் பழகிக்கொள்ள அவகாசம் என்றார்கள். அதுவரை ஏழு போட்டாலும் போகும், பத்து போட்டாலும் போகும், ஜனவரி கடைசிச் சனிக்கிழமையிலிருந்து பத்து மட்டும்தான். ஏழு போட்டால் போகிறது என்றால் எங்கள் ஊரில் எவன் பத்து போடுவான்? ஒருவரும் பழகவில்லை. கம்பெனி பில்லோடு அனுப்பிய தாளை வைத்து அடுப்பு பற்ற வைத்தோம். மாதா மாதம் முதல் சனிக்கிழமை அறுபத்தொரு பெட்டியும் ஏழு எண்ணைப் போட்டன, அறுபத்தொரு டிக்கும் விழுந்தன.

ஜனவரி நடுவில் ஒரு நாள் மதியம், ஓலீட்டா பெட்ரோல் பங்கில் நின்று, இறைச்சி அடைத்த பெப்பரோனி ரோல் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் வேற்று மாவட்டத்து மெக்கானிக் ஒருவன். வங்கியின் திருட்டு அலாரத்துக்கு எண் மாற்றிக் கொடுக்க வந்தவன். எங்கே பார்த்தாலும் பழைய ஏழு எண்ணையே போட்டு வைத்திருக்கிறார்கள், மாத முடிவில் இதெல்லாம் ஊமையாகிவிடும், ஆனால் இப்போது சோதித்துப் பார்த்தால் சரியாக இருக்கிறது என்று காட்டும், அதுதான் இதில் வேடிக்கை என்று அவன் சொல்லிச் சிரித்தான்.

ஓலீட்டா கடித்த ரோலைக் கீழே வைத்துவிட்டாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, வெட்டியவளும் அவள், பூதமும் அவள் கிணற்றில். மாநிலத்தைப் பிரித்திருந்தால் பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஏழு எண்ணே போதும். கூட்டத்தில் எழுந்து ஏரியா கோட்டைக் காப்பாற்றியவள், அறுபத்தொரு பேர் கழுத்தில் செத்த பொத்தானைத் தொங்கவிட்டிருந்தாள். மீதி இருந்தது பதினாறு நாள்.

அன்று மதியமே தொடங்கிவிட்டாள். ஒரு நாளைக்கு நாலு வீடு, ஐந்து வீடு. பள்ளத்தாக்கில் பனி, வீட்டுக்கு வீடு மைல் கணக்கில் தூரம், தேய்ந்த முழங்கால். ஒவ்வொரு பெட்டியிலும் பழைய எண்ணை அழித்துப் பத்து எண்ணாக ஏற்ற வேண்டும். எண்ணை அழித்தால் பதிந்துவைத்த குரலும் போய்விடும், மலிவு யந்திரம். ஆகவே ஒவ்வொருவரும் திரும்பப் பேசிப் பதிய வேண்டும். காது கேளாதவர்களோடும் கூச்சப்படுகிறவர்களோடும் அவள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். முடியாத காரியத்தை முடிப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். ஆனால் எதற்கு வந்தாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் வருஷாந்திரச் சோதனை என்றாள். வாய் கூசாமல் அறுபது வீட்டில் அதைச் சொன்னாள். காப்பி குடித்து, கேக் தின்று, நன்றி வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

அறுபத்தோராவது ஹார்லஸ் டாட்ரில் வீடு. அவருக்குத்தான் அந்தப் பெட்டி எல்லோரையும்விட அவசியம். மூச்சு முட்டினால் அவரால் பேச முடியாது, பேச முடியாதவர் எந்த எண்ணைப் போட்டு என்ன பயன்? அந்தப் பள்ளத்தில் கைபேசியும் எடுக்காது. அவள் கடைசி வரை தள்ளிப்போட்டுவிட்டு, வியாழக்கிழமை காலையில் போய்க் கதவைத் தட்டினாள். அவர் கதவின் மேல் கண்ணாடி வழியாகப் பார்த்தார், திறக்கவில்லை. அவள் வழக்கமான பாட்டைப் பாடினாள்.

"வருஷாந்திரச் சோதனையா? நாலு வருஷமா அந்த வருஷம் வரவே இல்லியே" என்றார் ஹார்லஸ்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு அதற்கு மேல் தெம்பில்லை. வாசலில் நின்றே உண்மையைச் சொன்னாள். சனிக்கிழமையோடு பெட்டி ஊமை, இரண்டு நிமிஷ வேலை, கதவைத் திறங்கள் என்றாள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பில்லோடு வந்த தாளைப் படித்த ஒரே மனிதர் அவர்தான் போலிருக்கிறது.

"நீ பெட்டியச் சரி பண்ணிட்டுப் போயிடுவ. பெட்டி இல்லாதவன் என்ன பண்ணுவான்? ஒவ்வொரு வீட்டு ஃபிரிஜ் மேலயும் ஏழு நம்பராத்தான் ஒட்டி வச்சிருக்கு. சனிக்கிழமை புள்ளைக்குப் போட்டா மெஷின் பேசும், ஒண்ணும் புரியாம முழிப்பாங்க. உன் பேச்சக் கேட்டுத்தான் இந்த ஊரு மேஜையத் தட்டுச்சு. அவங்கள்ட்ட போய் நிசத்தச் சொல்லு. சொல்லிட்டு வா, திறக்கறேன்."

"திறக்கலைன்னா செத்துப்போவீங்க."

"சாவேன். உன்னக் கேட்டா பொறந்தேன்?"

அவள் திரும்பி வண்டிக்குப் போனாள். என்ன கொழுப்பு பாரேன் இந்தக் கிழவருக்கு என்று ஸ்டியரிங்கை அடித்தாள். பாதி வழி வந்த பிறகுதான், தன் கையை அவள் கேலி செய்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. தனக்கென்று அவர் ஒன்றுமே கேட்கவில்லை. அதற்கப்புறம் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை, தீயணைப்பு நிலையத்தில் பீன்ஸ் விருந்து. மாலை ஐந்து மணிக்கே நூற்றைம்பது பேர் நீள மேஜைகளில் உட்கார்ந்து, சோள ரொட்டியைப் பீன்ஸ் குழம்பில் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓலீட்டா தட்டைத் தொடவில்லை. எழுந்து கரண்டியால் டம்ளரைத் தட்டினாள். மறுபடி ஒரு வீரப்பேச்சு என்று நினைத்து நாலு பேர் முன்கூட்டியே கைதட்டினார்கள்.

"தட்டாதீங்க" என்றாள். "கோர்ட்டுல பேசி நான் நம்ம ஏரியா கோட்டக் காப்பாத்தினேன். அதுக்கு என்ன விலைன்னு படிச்சுச் சொன்னாங்க, நான் காதுல வாங்கல. நாளைலேர்ந்து ஏழு நம்பர் போட்டா எங்கயும் போகாது, பக்கத்து வீட்டுக்குக்கூடப் போகாது. நான் உங்க வீட்டுக்கு வந்தது சோதனைக்கு இல்ல. பெட்டியெல்லாம் ஊமையாப் போயிருக்கும், என் தப்பத் துடைக்க வந்தேன். அத மறைச்சு உங்க கேக்கையும் தின்னுட்டு வந்தேன். அன்னிக்கு ஹார்லஸ் டாட்ரில் சொன்னதுதான் சரி."

அவள் இன்னொரு வாக்கியத்துக்காக வாயைத் திறந்தாள், மூடினாள், உட்கார்ந்துவிட்டாள். அந்த வாக்கியம் எதுவென்று அங்கிருந்த பாதிப்பேருக்காவது தெரிந்திருக்கும். கூடச் சிரித்தவர்கள் அல்லவா, அதனால் ஒருவரும் கேட்கவில்லை. முதலில் ஒரு முதிய பெண்மணி, அப்படியானால் என் ஃபிரிஜ் மேல் இருப்பதை யார் திருத்துவது என்று கேட்டாள். உடனே ஒருவன் பேனா எடுத்தான், இன்னொருத்தி தாள் கொண்டுவந்தாள், விருந்து எழுத்துக்கூடமாக மாறியது. டென்வர் வந்து அவள் தட்டில் ஒரு துண்டு கேக்கை வைத்து, இதையும் மறைக்காமல் தின்னு பெரியம்மா என்றான். அவளுக்குக் கண் கலங்கியது, அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள்.

சனிக்கிழமை காலையில் ஹார்லஸ் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. சமையலறை மேஜையில் பெட்டி துடைத்து வைக்கப்பட்டிருந்தது. நேற்றே நாலு பேர் போன் செய்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்கள், எல்லோரும் பத்து எண் போட்டார்களாம் என்றார் ஹார்லஸ். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. எண்ணை ஏற்ற இரண்டு நிமிஷம். பிறகு குரல் பதிய வேண்டும், பத்து விநாடி. ஹார்லஸ் மூன்று முறை முயன்றார். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல், இருமல் முடிவதற்குள் நேரம் தீர்ந்தது. நாலு வருஷத்துக்கு முன் இதே பெட்டியில் ஒரே மூச்சில் பேசியவர் அவர். அவர் முகத்தை அவள் பார்க்காமல், கொடுங்கள் நான் பேசுகிறேன் என்று வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பத்து விநாடியில் பேச்சை முடித்துப் பழக்கமே இல்லை, அவள் முதல் தடவை ஊர்ப்பேர் வரைக்கும்தான் போனாள். ஹார்லஸ் சிரித்து இருமினார். இரண்டாவது தடவை சரியாக வந்தது.

பொத்தானைச் சோதிக்க அவர் அந்த மூன்று விரல் கையால் அமுக்கினார். அந்தக் கை ஓர் அடி தூரத்தில் இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிடலாம், இப்போது கேட்டுவிட வேண்டும் என்று ஓலீட்டா நினைத்தாள். நிலையத்திலிருந்து சரி என்று குரல் வந்தது. அவள் கருவிப் பையை மூடிக்கொண்டு, சாலை உறைவதற்குள் போகிறேன் என்று எழுந்துவிட்டாள். நூற்றைம்பது பேர் முன்னால் சொல்ல முடிந்தவளுக்கு ஒருவர் முன்னால் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரியில் ஐஸ் மழை கொட்டியது. ஞாயிறு மதியம், மரங்கள் முறிந்து மின்கம்பி அறுந்து பாதிப் பள்ளத்தாக்கில் மின்சாரம் இல்லை. போன் கம்பி மட்டும் தப்பியிருந்தது, உதவிப் பெட்டிகளில் பேட்டரி இருந்தது. நிலையத்தில் போன் எடுக்கும் முறை அன்று ஓலீட்டாவுடையது. டென்வரும் பையன்களும் சாலையில் விழுந்த மரத்தை அறுத்துவிட்டு வந்து ஈரக் கையுறையை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. அவள் எடுத்தாள்.

"இது ஹார்லஸ் டாட்ரில் வீடு. பாப்ளர் ஃபோர்க் கடைசி வீடு. அவரால பேச முடியாது. சீக்கிரம் வாங்க, தயவுபண்ணி வாங்க."

அவளுடைய குரல். அவளே அவளிடம் கெஞ்சினாள். அடுத்த விநாடி சைரனை அமுக்கி, டென்வரிடம் பெயரைக் கத்தினாள். அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். நல்ல நாளில் பத்து நிமிஷம், அன்றைக்கு எத்தனையோ.

பெட்டி திரும்பத் திரும்பக் கெஞ்சிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றாம் எண்ணை அமுக்கினாள். அமுக்கினால் பதிந்த குரல் நின்று, அந்த வீட்டுக்குள் நடப்பது இங்கே கேட்கும், இங்கே பேசுவது அங்கே கேட்கும். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூச்சு கேட்டது, துருத்தியில் ஓட்டை விழுந்தால் கேட்குமே அப்படி. மின்சாரம் போய் ஆக்ஸிஜன் யந்திரம் நின்றிருக்கிறது. மாற்று உருளையின் திருகை அந்தக் கையால் திருப்ப முடியாமல் தரையில் கிடக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவளுக்குத் தெரிந்தது அந்த மூச்சு மட்டும்தான்.

"ஹார்லஸ், நான் ஓலீட்டா. நிசமான ஓலீட்டா, பெட்டி இல்ல. டென்வர் கிளம்பிட்டான். மூச்ச விடுங்க. நான் வைக்க மாட்டேன்."

மூச்சு வந்தது, நின்றது, வந்தது. நிற்கும்போதெல்லாம் அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். எதையாவது பேசியாக வேண்டும். பேசுவதற்கு அவளிடம் ஒன்றுதான் இருந்தது.

"அன்னிக்கு உங்க கையப் பத்திப் பேசினேனே, அது அசிங்கம். ஊரு சிரிக்கணும்னு பேசினேன். நீங்க படியிறங்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு, ஹார்லஸ். நான் எந்திரிச்சு வந்திருக்கணும், வரல. சனிக்கிழமை உங்க பக்கத்துலயே உக்காந்திருந்தேன், அப்பவும் சொல்லல. எங்கப்பா கூடச் சுரங்கத்துக்குள்ள இருந்த கை அது. என்ன மன்னிச்சிடுங்க. பதில் சொல்ல வேணாம், மூச்ச மட்டும் விடுங்க. நீங்க போயிட்டீங்கன்னா நான் இத யாருட்டச் சொல்றது?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள், சொன்னதையே சொன்னாள். பதினெட்டு நிமிஷம். ஒரு கட்டத்தில் மூச்சு கேட்கிறதா, தன் காதே சத்தம் போடுகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படியும் நிறுத்தவில்லை. கடைசியில் அந்தப் பக்கம் கதவு இடிபட்டது, பூட்ஸ் சத்தம், உலோகம் உருளும் சத்தம், டென்வர் யாரையோ அதட்டும் குரல். ஓலீட்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெரியம்மா, ஆக்ஸிஜன மாட்டிட்டோம். மூச்ச இழுக்கறாரு, நல்லா இழுக்கறாரு, உதட்டுல நீலம் போகுது" என்றான் டென்வர். பிறகு, "இரு, என்னமோ சொல்றாரு" என்றான். ஓலீட்டா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஏன் நிறுத்திட்டன்னு கேக்கறாரு, பெரியம்மா. பேசச் சொல்றாரு."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பாலத்துக்கு இந்தப் பக்கம் மரம் அறுத்தாகிவிட்டது, மூன்றாவது வளைவில் மட்டும் ஐஸ் இருக்கிறது, டென்வர் மெதுவாக ஓட்டுவான், பயப்படாதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக் கதவைத் தாண்டும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.